ரைன் பள்ளத்தாக்கில் கோட்டை, பேராலயம், திராட்சைத் தோட்டம்: மலேசியக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜெர்மனியின் ரைன் பள்ளத்தாக்குக்குத் திட்டம் போட உட்காருகிறவர்கள் முதலில் கோட்டைகளின் பட்டியலைத்தான் எடுக்கிறார்கள். எடுக்க வேண்டியது வரைபடம். பிங்கன், ரூடஸ்ஹைம் என்ற இரண்டு ஊர்களில் தொடங்கி கோப்லென்ஸ் வரை சுமார் 65 கி.மீ. தூரத்துக்கு ரைன் நதி மலைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடுகிறது. 2002-இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்த பகுதி இதுதான். இந்தத் தூரம் முழுவதிலும் ஒரு பாலம்கூடக் கிடையாது. மைன்ஸ் நகரத்தைத் தாண்டினால் அடுத்த பாலம் கோப்லென்ஸில்தான். நடுவில் ஒரு பாலம் கட்டும் பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது, இன்னும் பேச்சாகவே இருக்கிறது.

அதனால் நாளின் திட்டம் எதுவானாலும் முதலில் கேட்க வேண்டியது: நாம் எந்தக் கரையில் இருக்கிறோம், கடைசிப் படகு எத்தனை மணிக்கு? மேற்குக் கரையில் பிங்கன், பகராக், ஓபர்வேசல், சங்க்ட் கோவார், பொப்பார்ட். கிழக்குக் கரையில் ரூடஸ்ஹைம், லோர்க், கௌப், சங்க்ட் கோவார்ஸ்ஹௌசன், பிரௌபாக். சங்க்ட் கோவாரும் சங்க்ட் கோவார்ஸ்ஹௌசனும் நேரெதிர்க் கரைகளில் இருக்கும் வேறு வேறு ஊர்கள். பெயர் ஒன்றுபோல இருப்பதால் ஒரு ஊரில் விடுதி போட்டுவிட்டு மற்ற ஊரில் பெட்டியோடு இறங்குவது வாடிக்கையாக நடக்கிறது. பகலில் என்றால் ஐந்து நிமிடப் படகில் தீர்ந்துவிடும். இரவில் படகு நின்றபின் என்றால் கோப்லென்ஸ் வரை ரயிலில் போய், கரை மாறி, மறுபடி இறங்கி வர வேண்டும்.

கரை கடக்கும் படகுகள் ஐந்து இடங்களில் ஓடுகின்றன: பிங்கன்–ரூடஸ்ஹைம், நீடர்ஹைம்பாக்–லோர்க், கௌப், சங்க்ட் கோவார்–சங்க்ட் கோவார்ஸ்ஹௌசன், பொப்பார்ட்–ஃபில்சன். காரும் ஏறும், ஆளும் ஏறலாம். டிக்கெட் படகிலேயே வாங்கிக்கொள்ளலாம், சில்லறை யூரோ கையில் இருக்கட்டும். கோடையிலும் குளிர்காலத்திலும் கடைசிப் படகு நேரம் வேறுபடும். படகுத்துறைப் பலகையைப் போகும்போதே கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது போவது

ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை நல்ல காலம். மே, செப்டம்பர் இரண்டும் சிறந்தவை. நம்மவர்களுக்கு வரும் சிக்கல் விடுமுறைதான். தீபாவளி முடித்துக் கிளம்பலாம் என்று வைத்தால் பாதிக் கோட்டைகள் கதவடைத்திருக்கும். எல்ட்ஸ் கோட்டை நவம்பர் தொடக்கத்தில் மூடினால் ஏப்ரலில்தான் திறக்கும். உல்லாசக் கப்பல்களின் வழக்கமான பருவமும் அக்டோபரோடு முடிந்துவிடும். டிசம்பரில் போகிறவர்கள் கோட்டைப் பயணம் என்று எண்ணாமல், கொலோன், மைன்ஸ் பேராலயங்களையும், கோப்லென்ஸ் உட்பட இந்த நகரங்களின் கிறிஸ்துமஸ் சந்தைகளையும் முதன்மையாக வைத்துத் திட்டம் போடுவது நல்லது. மாறுதலாக ஒரு கோட்டை வேண்டுமென்றால் மார்க்ஸ்புர்க் இருக்கிறது. கிறிஸ்துமஸ் நாட்கள் தவிர ஆண்டு முழுவதும் அது திறந்திருக்கும்.

பருவத்துக்குள்ளேயும் திங்கட்கிழமையைக் கவனியுங்கள். அரசு பராமரிக்கும் கோட்டைகளும் அருங்காட்சியகங்களும் பல அன்றைக்கு மூடியிருக்கும். அதைப் பயண நாளாகவோ கப்பல் நாளாகவோ ஆக்கிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைப்பு. பெரிய ரயில் நிலையக் கடைகளும் சில ரொட்டிக் கடைகளும் மட்டும் திறந்திருக்கும். தண்ணீர், பழம், பிள்ளைகளுக்குத் தீனி எல்லாம் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

'ஆற்றில் தீச்சுடர்' என்று சொல்லத்தக்க வாணவேடிக்கை இரவுகள் மே முதல் செப்டம்பர் வரை வெவ்வேறு ஊர்களில் நடக்கும். கோப்லென்ஸ் பக்கம் ஆகஸ்ட் இரண்டாம் சனிக்கிழமை, சங்க்ட் கோவார் பக்கம் செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை. பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் அந்த வாரக்கடைசியில் விடுதி தேடுவது வீண் வேலை. மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும்.

கடப்பிதழ், விமானம்

மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா தேவையில்லை. எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள் வரை தங்கலாம். கடப்பிதழ் கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகு குறைந்தது 3 மாதம் செல்லுபடியாகக்கூடியதாகவும் இருக்க வேண்டும். குடும்பத்தில் யாராவது சிவப்பு ஐசியோடு இந்தியக் கடப்பிதழ் வைத்திருந்தால் அவருக்கு மட்டும் விசா கட்டாயம். இதைக் கடைசி மாதத்தில் கண்டுபிடித்துப் பயணத்தையே தள்ளிவைக்கும் குடும்பங்கள் உண்டு. விசா நேர்காணல் தேதி கிடைத்தபின் விமான டிக்கெட்டைத் தொடுங்கள். 2025 அக்டோபர் முதல் எல்லையில் கைரேகையும் முகப்படமும் எடுக்கும் புதிய முறை வந்திருக்கிறது, முதல் முறை நுழையும்போது வரிசை நகர நேரமெடுக்கும். இறங்கிய ஒரு மணி நேரத்தில் கிளம்பும் ரயிலுக்கு டிக்கெட் போட வேண்டாம்.

கேஎல்ஐஏயிலிருந்து தோஹா, துபாய், இஸ்தான்புல், சிங்கப்பூர் என ஏதாவது ஓரிடத்தில் மாறி ஃபிராங்க்ஃபர்ட் போவதே சுலபமான வழி. பினாங்கிலிருந்து வருகிறவர்கள் மலிவு விமானத்தில் தனி டிக்கெட் எடுத்தால் இரண்டாம் முனையத்தில் இறங்கி, பெட்டியை எடுத்து, ரயிலிலோ பேருந்திலோ முதல் முனையத்துக்கு வந்து மறுபடி போட வேண்டியிருக்கும். நான்கு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். ஒரே டிக்கெட்டில் பினாங்கிலிருந்தே பெட்டி போட முடிந்தால் கொஞ்சம் கூடுதல் வெள்ளி கொடுப்பதில் தவறில்லை.

ஃபிராங்க்ஃபர்ட் என்ற பெயரைச் சேர்த்துக்கொண்டு ஹான் என்றொரு விமான நிலையம் இருக்கிறது. அது நகரத்திலிருந்து நூறு கி.மீ.க்கும் அதிகத் தூரத்தில், மலைமேல் கிடக்கிறது. ஐரோப்பாவுக்குள் மலிவு டிக்கெட் தேடும்போது ஏமாறாதீர்கள்.

எங்கே தங்குவது

தினம் ஒரு ஊர் மாறுவது இங்கே வேலைக்காகாது. சின்ன நிலையங்களில் மின்தூக்கியும் இருக்காது, பெட்டி வைக்கும் பூட்டறையும் இருக்காது. இரண்டு இடம் போதும். கோட்டைகளும் தோட்டங்களும் பார்க்க பகராக் அல்லது பொப்பார்ட்டில் மூன்று இரவு, எல்ட்ஸ், மார்க்ஸ்புர்க், மோசல் ஆற்றுப் பக்கம் போக கோப்லென்ஸில் இரண்டு இரவு. மைன்ஸை வரும் வழியிலும் கொலோனைத் திரும்பும் வழியிலும் முடித்துக்கொள்ளலாம். அந்த இரு நகரங்களின் நிலையங்களிலும் பெட்டியைப் பூட்டி வைக்க வசதி உண்டு.

விடுதி போடும்போது 'ஆற்றைப் பார்த்த அறை' என்றதும் மயங்க வேண்டாம். இரு கரையிலும் ஆற்றை ஒட்டியே தண்டவாளம் ஓடுகிறது. இரவு முழுவதும் சரக்கு ரயில் போகும், பள்ளத்தாக்கு அந்தச் சத்தத்தை இரண்டாக்கித் திருப்பித் தரும். குளிர்சாதன வசதி பெரும்பாலும் இல்லாததால் கோடையில் சன்னலைத் திறந்துதான் தூங்க வேண்டியிருக்கும். பின்பக்கம், அதாவது திராட்சை மலையைப் பார்த்த அறையைக் கேட்டு வாங்குங்கள். தூக்கம் லேசானவர்கள் காதடைப்பானும் வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டையிலேயே தங்க ஆசையா? ஓபர்வேசலுக்கு மேலே இருக்கும் ஷோன்புர்க் இப்போது விலை உயர்ந்த விடுதி. பகராக்குக்கு மேலே இருக்கும் ஸ்டாலெக் கோட்டை இளைஞர் விடுதியாக நடக்கிறது; குடும்ப அறைகளும் உண்டு, விலையும் தாங்கும். ஸ்டாலெக் போக ஊரிலிருந்து செங்குத்தான படிப்பாதை. பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு ஏறாதீர்கள்.

ரயிலும் டிக்கெட்டும்

முதல் தவறு விமான நிலையத்திலேயே நடக்கும். ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்திலிருந்து கொலோனுக்கு அதிவேக ரயில் ஒரு மணி நேரத்தில் போய்விடும். ஆனால் அது பள்ளத்தாக்கை விட்டு விலகி மலைகளுக்கு நடுவே சுரங்கம் சுரங்கமாகப் போகிறது. ரைனின் ஒரு கோட்டைகூடக் கண்ணில் படாது. பள்ளத்தாக்கு வேண்டுமென்றால் மைன்ஸ், கோப்லென்ஸ் வழியாகப் போகும் ரயிலைத் தேர்ந்தெடுங்கள். பயணச் செயலியில் 'வழி' என்ற இடத்தில் கோப்லென்ஸ் என்று போட்டால் போதும். மைன்ஸிலிருந்து கோப்லென்ஸ் நோக்கிப் போகும்போது வலப்பக்கச் சன்னலில் உட்காருங்கள், ஆறு அந்தப் பக்கம்.

விமான நிலையத்தில் இரண்டு நிலையங்கள் இருக்கின்றன. முதல் முனையத்தின் அடியில் இருப்பது வட்டார ரயில்களுக்கு. தொலைதூர ரயில்களுக்கானது நடைபாலத்தைக் கடந்து தனியாக இருக்கிறது. மைன்ஸ் போகும் எஸ்8 ரயில் கீழே இருப்பதில்தான் வரும், அரை மணி நேரப் பயணம். பிங்கனிலும் அதே கதை. படகேறி ரூடஸ்ஹைம் போகிறவர்கள் பிங்கன் ஸ்டாட் நிலையத்தில் இறங்க வேண்டும். பெயரைப் பார்த்துப் பிங்கன் தலைமை நிலையத்தில் இறங்கினால் படகுத்துறைக்குப் பெட்டியோடு நெடுந்தூரம் நடக்க நேரிடும்.

டிக்கெட்டில் இரண்டு வழி. ஐந்து பேர் வரை சேர்ந்து ஒரே நாள் டிக்கெட்டில் போகும் ரைன்லாண்ட்-ஃபால்ஸ் டிக்கெட் குடும்பங்களுக்குச் சரி. வார நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகே செல்லும். சனி, ஞாயிறில் நள்ளிரவு முதல். ஃபிராங்க்ஃபர்ட் வேறு மாநிலம், இந்த டிக்கெட் அங்கே எடுபடாது. ரூடஸ்ஹைமும் லோர்க்கும்கூட ஹெஸ்ஸன் மாநிலம்தான். அந்தப் பக்கம் போகும் நாளில் ஏறுவதற்கு முன் எல்லையைச் சரிபாருங்கள்.

இன்னொன்று டாய்ச்லாண்ட் டிக்கெட். ஜெர்மனி முழுவதும் வட்டார ரயில், பேருந்து, டிராம் எல்லாவற்றிலும் ஒரு காலண்டர் மாதம் செல்லும். 2026 ஜனவரி முதல் மாதம் 63 யூரோ. ஒருவருக்கு ஒன்று, ஆகவே தம்பதியாகவோ தனியாகவோ ஒரு வாரம் போகிறவர்களுக்கு லாபம். இது சந்தா. அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதமும் அட்டையில் பணம் பிடிப்பார்கள். வாங்கிய கையோடு ரத்து செய்தாலும் அந்த மாதம் முடியும் வரை செல்லும். சில விற்பனையாளர்கள் ஜெர்மன் வங்கிக் கணக்கு கேட்பார்கள். கடன் அட்டை ஏற்கும் செயலியாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டு டிக்கெட்டும் அதிவேக, தொலைதூர ரயில்களில் செல்லாது. வெள்ளை நிற ரயிலில் ஏறி உட்கார்ந்துவிட்டுப் பரிசோதகரிடம் இதைக் காட்டினால் அபராதம்தான்.

கிழக்குக் கரைத் தண்டவாளம் நீண்ட கால மராமத்துக்காக 2026 நடுப்பகுதியிலிருந்து மாதக்கணக்கில் மூடப்படும் என்று அறிவித்திருக்கிறார்கள். அப்போது மாற்றுப் பேருந்து ஓடும், மெதுவாக. போகும் வாரத்துக்கான நேர அட்டவணையைப் பார்க்காமல் பிரௌபாக்குக்கோ கௌபுக்கோ நேரம் குறிக்காதீர்கள்.

கார் வேண்டுமா? ரைனுக்குத் தேவையில்லை. எல்ட்ஸ், மோசல் கிராமங்களுக்கு உதவும். எடுப்பதானால் ஜேபிஜே வழங்கும் அனைத்துலக ஓட்டுநர் அனுமதியையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். அங்கே வலப்பக்க ஓட்டம். ஒயின் சுவைக்கும் நாளில் காரைத் தொடாதீர்கள்: பொதுவான வரம்பு 0.5 புரோமில் (இரத்தத்தில் ஆயிரத்தில் 0.5 பங்கு மதுசாரம்), 21 வயதுக்குக் கீழானவர்களுக்குப் பூஜ்யம்.

கப்பலில் போவது ஓட்டத்தோடு

உல்லாசக் கப்பலில் மொத்தப் பள்ளத்தாக்கையும் கடக்க வேண்டுமென்று யாரும் சொல்லவில்லை. ரூடஸ்ஹைம் அல்லது பிங்கனில் ஏறி சங்க்ட் கோவாரில் இறங்குங்கள். அடர்த்தியான பகுதி அதுதான். ஆற்றோட்டத்தோடு போனால் ஒன்றரை, இரண்டு மணி நேரம். எதிர்த்து வந்தால் மூன்று மணி நேரம் வரை இழுக்கும், பிள்ளைகள் பாதியிலேயே சலித்துவிடுவார்கள். எனவே ரயிலில் மேலேறி, கப்பலில் கீழிறங்குவது என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

இறங்கும்போது கண்ணில் படும் வரிசை இது. முதலில் ஆற்றின் நடுவே சின்னத் தீவில் எலிக்கோபுரம், வலக்கரையில் ஏரென்ஃபெல்ஸ் இடிபாடு. பிறகு இடக்கரையில் ரைன்ஸ்டைன், ரைகென்ஸ்டைன், சோனெக் மூன்றும் அடுத்தடுத்து வரும். கேமராவை இந்தப் பக்கம் வைத்திருங்கள். பகராக் தாண்டியதும் கௌப் அருகே, ஆற்றின் நடுப் பாறையில் கப்பல் போலவே நிற்பது ஃபால்ஸ்கிராஃபன்ஸ்டைன். 14-ஆம் நூற்றாண்டில் சுங்கம் வசூலிக்கக் கட்டியது. இந்தப் பள்ளத்தாக்கில் இத்தனை கோட்டைகள் ஏன் என்பதற்கு அதுவே பதில்: வணிகப் படகுகளுக்கு வேறு வழியில்லை, பேராயர்களும் சிற்றரசர்களும் ஆளுக்கொரு திருப்பத்தில் கோட்டை கட்டி வசூல் செய்தார்கள். 1813 கடைசி இரவில் நெப்போலியனின் படைகளைத் துரத்திக்கொண்டு பிரஷ்யத் தளபதி புளூக்கர் ஆற்றைக் கடந்ததும் இந்த இடத்தில்தான். அடுத்து ஓபர்வேசல், அப்புறம் 132 மீட்டர் உயரத்தில் லோரெலாய் பாறை. நேரில் பார்த்தால் அது ஒரு பாறை, அவ்வளவே. அதன் புகழ் பாட்டினால் வந்தது. கவனிக்க வேண்டியது அங்கே ஆறு குறுகி வளைவதையும், எதிரே வரும் சரக்குப் படகுகளுக்கான சமிக்ஞை விளக்குகளையும்.

மேல்தளத்தில் காற்று மேயிலும் ஜிலுஜிலுவென்று அடிக்கும். நம் ஊர் மெல்லிய பருத்திச் சட்டை போதாது. ஆற்று நீர்மட்டத்தையும் பாருங்கள். வெள்ளத்தில் கப்பல் நிற்கும், கடும் கோடையிலும் நிற்கலாம்: 2018 அக்டோபரில் கௌப் அளவுகோல் 25 செ.மீ. வரை இறங்கியது. டிக்கெட்டை முதல் நாள் இரவோ அன்று காலையோ வாங்கினால் போதும்.

உள்ளே போய்ப் பார்க்க மூன்று கோட்டை

ஒரே நாளில் இரண்டுக்கு மேல் போனால் எல்லாம் ஒன்றாகக் குழம்பிவிடும். நம் தேர்வு மூன்று.

மார்க்ஸ்புர்க், பிரௌபாக் ஊருக்கு மேலே. நடு ரைனில் ஒருபோதும் அழிக்கப்படாத ஒரே மலைக்கோட்டை. மற்றவற்றைப் பெரும்பாலும் 1689-இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் படைகள் தகர்த்தன; இன்று முழுதாகத் தெரிபவை 19-ஆம் நூற்றாண்டில் பிரஷ்ய இளவரசர்களும் பணக்காரர்களும் தம் ரசனைக்குக் கட்டியவை. உண்மையான இடைக்கால அடுக்களை, குதிரை லாயம், பீரங்கி மேடை எல்லாம் பார்க்க மார்க்ஸ்புர்க்தான். வழிகாட்டியோடு மட்டும் அனுமதி, சுமார் 50 நிமிடம். ஆங்கிலச் சுற்று எப்போதும் இருக்காது. கேட்டால் விளக்கத் தாள் தருவார்கள். நிலையத்திலிருந்து இருபது, இருபத்தைந்து நிமிட ஏற்றம். நுழைவாயிலைத் தாண்டியதும் பாறையில் வெட்டிய கரடுமுரடான படிகள், குதிரை ஏறுவதற்காகச் செய்தவை. முழங்கால் வலி உள்ள பெரியவர்களும் தள்ளுவண்டிக் குழந்தைகளும் இங்கே கஷ்டப்படுவார்கள். மழை நாளில் வழுக்கும்.

எல்ட்ஸ், மோசல் பக்கத்துக் காட்டுக்குள். 800 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது. பழைய 500 மார்க் நோட்டின் பின்பக்கத்தில் இருந்த கோட்டை இதுவே. கோப்லென்ஸிலிருந்து மோசல்கேர்ன் வரை ரயில், அங்கிருந்து ஓடையை ஒட்டி ஒன்றரை மணி நேரக் காட்டுப்பாதை. நடக்க முடியாதவர்கள் வாரக்கடைசிகளில் பருவப் பேருந்து பார்க்கலாம், அல்லது காரில் மேல் நிறுத்துமிடம் வரை வந்து சிற்றுந்தில் இறங்கலாம். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. காலை திறந்த முதல் மணி நேரத்தில் போய்விடுங்கள். பதினொன்றுக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்து இறங்கும். எல்லாரும் எடுக்கும் அந்தப் புகைப்படம் கோட்டை வாசலிலிருந்து கிடைக்காது, பாலத்துக்கு எதிர்ப்புறம் மேலேறும் பாதை வளைவிலிருந்துதான் கிடைக்கும்.

மூன்றாவது ரைன்ஸ்டைன். 1820-களில் பிரஷ்ய இளவரசர் ஃப்ரீட்ரிக் திருப்பிக் கட்டியது. சிறியது, வழிகாட்டி இல்லாமல் நம் போக்கில் சுற்றலாம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

சங்க்ட் கோவாரின் ரைன்ஃபெல்ஸ் பெரும் இடிபாடு, சுரங்க வழிகளுக்கு டார்ச் வேண்டும். மராமத்துப் பணிகளால் மூடியிருக்க வாய்ப்பு உண்டு, முன்பே பாருங்கள். எதிர்க்கரையின் காட்ஸ் கோட்டை தனியார் சொத்து, உள்ளே விட மாட்டார்கள். வயதானவர்களோடு போகிறவர்களுக்குக் கோப்லென்ஸின் ஏரென்பிரைட்ஸ்டைன் அரண்தான் தோது: ஆற்றுக்கு மேலேயே கம்பிவட ஊர்தி கொண்டுபோய் இறக்கிவிடும், ஒரு படி ஏற வேண்டாம்.

பேராலயங்கள்

கொலோன் நிலையத்தை விட்டு வெளியே வந்தாலே பேராலயம் தலைக்குமேல் நிற்கும். பலகைகளில் ஊர்ப்பெயர் கோல்ன் என்றிருக்கும். 1248-இல் தொடங்கி, பணமில்லாமல் பதினாறாம் நூற்றாண்டில் நின்று, 1842-இல் மறுபடி எடுத்து, 1880-இல் முடித்தார்கள். உயரம் 157 மீட்டர். பெரிய பெட்டியோடு உள்ளே விட மாட்டார்கள், நிலையத்தில் பூட்டிவிட்டுப் போங்கள். தெற்குக் கோபுரம் ஏற 533 படி, மின்தூக்கி கிடையாது. பத்துமலையின் 272 படியைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதுவும் திறந்த வெளியில் இல்லாமல், ஏறுபவரும் இறங்குபவரும் உரசிக்கொண்டு போகும் குறுகிய சுழற்படியில். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கீழேயே இருந்து, தெற்குக் குறுக்கு மண்டபத்தில் 2007-இல் கெர்ஹார்ட் ரிக்டர் அமைத்த வண்ணக் கண்ணாடிச் சன்னலைப் பார்க்கலாம். வெயில் நாளில் நடுப்பகலில் அதன் நிறங்கள் தரையில் விழும். முழுக் கட்டடமும் படத்தில் அடங்க வேண்டுமென்றால் ஹோஹென்சொல்லர்ன் பாலத்தை நடந்து கடந்து டாய்ட்ஸ் கரையிலிருந்து எடுங்கள்.

மைன்ஸ் பேராலயம் சிவப்பு மணற்கல். 1009-இல் திறப்பு விழாச் சமயத்திலேயே தீப்பிடித்த கட்டடம். இன்று நாம் பார்ப்பது அதன்பின் திரும்பத் திரும்பக் கட்டியது. பதினைந்து நிமிட நடையில் சங்க்ட் ஷ்டெபான் தேவாலயம் இருக்கிறது. மார்க் ஷகால் 1978 முதல் 1985 வரை செய்த நீலக் கண்ணாடிகள் அங்கே. பேராலயத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஞாயிறு காலை இரண்டிலும் பூசை நடக்கும், சுற்றிப் பார்க்க மதியத்துக்குப் பிறகு போங்கள்.

ஒரு நாள் கூடுதலாக இருந்தால் ஸ்பையர். 1030-இல் தொடங்கி 1061-இல் அர்ச்சிக்கப்பட்டது, 134 மீட்டர் நீளம், நிலத்தடி மண்டபத்தை ஒட்டி எட்டுப் பேரரசர்கள், மன்னர்களின் கல்லறைகள். கொலோனைவிடக் கூட்டம் குறைவு, கல்லின் கனம் அதிகம்.

செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை, ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும். மெழுகுவர்த்தி ஏற்ற விரும்பினால் பக்கத்துப் பெட்டியில் குறித்திருக்கும் காசைப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். பூசை நடக்கும்போது குறுக்கே நடக்கக் கூடாது.

சாப்பாடு

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் 'ரிண்ட்' என்ற சொல்லையும், பன்றி தவிர்ப்பவர்கள் 'ஷ்வைன்', 'ஷ்பெக்' என்ற இரண்டையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சைவம்போலத் தோன்றும் ஃப்ளாம்கூகன் என்ற மெல்லிய ரொட்டியிலும் வெங்காயக் கேக்கிலும் பன்றித் துண்டு இருக்கும். 'ஓனே ஷ்பெக்' என்று கேட்டால் இல்லாமல் செய்து தருவார்கள், முன்பே சுட்டு வைத்ததானால் முடியாது. பாலாடைக்கட்டியில் செய்த ஷ்புண்டகேஸ், உருளைக்கிழங்கு அடை, பாலாடைக்கட்டி போட்ட நூடுல்ஸான கேஸஷ்பெட்ஸ்லே ஆகியவை பெரும்பாலும் பயமில்லாதவை. குழம்பில் ரீஸ்லிங் ஒயின் ஊற்றுவது இங்கே சாதாரணம், மது தவிர்ப்பவர்கள் கேட்டுவிடுங்கள். ரூடஸ்ஹைம் காப்பி என்று தீ மூட்டித் தருவதில் பிராந்தி உண்டு. சின்னக் கடைகளில் நம் அட்டை எடுபடாமல் போகலாம், ஆளுக்கு 50 யூரோ ரொக்கம் கையில் இருக்கட்டும்.

திராட்சைத் தோட்டம்

தோட்டத்துக்குள் நடக்க டிக்கெட் தேவையில்லை, பாதைகள் பொதுவானவை. பகராக்கில் ஊர்மதிலை ஒட்டி மேலேறினால் தோட்ட நடுவே போஸ்டன் கோபுரம். இருபது நிமிடத்தில் ஊரும் ஆறும் காலடியில். பெரியவர்களுக்கு ரூடஸ்ஹைமில் கம்பிவட ஊர்தியில் திராட்சைக் கொடிகளுக்கு மேலே நீடர்வால்ட் நினைவுச் சின்னம் வரை போய், காட்டு நிழலில் ஒன்றரை மணி நேரம் நடந்து, நாற்காலி ஊர்தியில் அஸ்மான்ஸ்ஹௌசன் இறங்கும் சுற்று நல்லது. ஊர்தி இரண்டுக்கும் சேர்த்த டிக்கெட் கீழேயே கிடைக்கும். ரூடஸ்ஹைமின் ட்ரோசல்காசே என்ற குறுகிய தெருவை நடுப்பகலில் தவிர்த்தால் ஒன்றும் இழப்பில்லை.

சரிவு முழுவதும் சிலேட்டுக் கல். பகல் வெயிலை வாங்கி வைத்து இரவில் விடுவதால்தான் இந்தக் குளிர் தேசத்தில் ரீஸ்லிங் திராட்சை பழுக்கிறது. அதே கல் நனைந்தால் சறுக்கும், பிடிப்புள்ள காலணி போடுங்கள். பழம் பறிக்காதீர்கள், ஒரு கொத்துகூட. செப்டம்பர், அக்டோபரில் பழுக்கும் சமயம் சில பாதைகளை அடைத்திருப்பார்கள். கயிற்றைத் தாண்டிப் போக வேண்டாம்.

சுவைக்க இரண்டு வகை இடம். பண்ணைகளில் முன்பதிவு செய்து, நான்கு முதல் ஆறு வகை வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றித் தருவார்கள். துப்புவதற்குக் கலயம் வைத்திருப்பார்கள், துப்பினால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். இன்னொன்று ஷ்ட்ரௌஸ்விர்ட்ஷாஃப்ட்: விவசாயி தன் வீட்டு முற்றத்தில் தன் ஒயினையும் எளிய உணவையும் விற்கும் கடை. ஆண்டுக்கு நான்கு மாதம், 40 இருக்கைக்கு மேல் போகக் கூடாது என்று சட்டம். வாசலில் தழைக்கொத்தோ துடைப்பமோ தொங்கினால் திறந்திருக்கிறது. விலையும் குறைவு, பேச்சும் கிடைக்கும்.

லேபிளில் 'ட்ரோக்கன்' என்றால் இனிப்பில்லாதது. முதன்முறை குடிப்பவர்களுக்குப் புளிப்பாக முகம் சுளிக்க வைக்கும். 'ஃபைன்ஹெர்ப்' அல்லது இனிப்பு 'கபினெட்' கேட்டுப் பாருங்கள். வார்த்தை புரியாவிட்டால் மதுசார அளவைப் பாருங்கள்: 8, 9 விழுக்காடு என்றால் சர்க்கரை மிஞ்சியிருக்கிறது, 12-க்கு மேல் என்றால் சர்க்கரை தீர்ந்திருக்கிறது. குடிக்காதவர்களும் பிள்ளைகளும் 'ட்ரௌபன்ஸாஃப்ட்' கேட்கலாம். அதே தோட்டத்துத் திராட்சைச் சாறு, பெட்டியில் வரும் சாற்றோடு ஒப்பிடவே முடியாது.

இலையுதிர் காலத்தில் ஃபெடர்வைஸர் என்று பாதி நொதித்த ஒயின் விற்பார்கள். புட்டியின் மூடி காற்றுப்போக வேண்டுமென்றே தளர்வாக இருக்கும். பையில் சாய்த்து வைத்தால் பை முழுக்க ஒழுகும், இறுக்கி மூடினால் வெடிக்கும். அங்கேயே குடிக்க மட்டும் வாங்குங்கள், விமானத்துக்கு ஆகாது.

ஊருக்குக் கொண்டுவர நினைப்பவர்கள் கணக்கைப் பாருங்கள். 72 மணி நேரத்துக்குக் குறையாமல் வெளிநாட்டில் இருந்து திரும்புகிறவருக்கு மலேசியாவில் வரியில்லாமல் 1 லிட்டர் மதுதான். புட்டி 750 மி.லி. என்பதால் ஆளுக்கு ஒன்று. இரண்டு எடுத்து வந்தால் சுங்கத்தில் அறிவித்து வரி கட்ட வேண்டும். தடித்த சட்டையில் சுற்றி, பெட்டியின் நடுவில், சரக்கில் போடுங்கள். கேஎல்ஐஏயிலிருந்து பினாங்குக்குக் காரில் போகிறவர்கள் அந்தப் புட்டியைக் காரின் பின்பக்கச் சாமான் அறையில் வைக்காமல் இருக்கைக்கு அடியில், குளிர்காற்று படும்படி வையுங்கள். நான்கு மணி நேரம் அந்தச் சாமான் அறைச் சூட்டில் மெல்லிய ரீஸ்லிங் வெந்த பழவாடை அடிக்கத் தொடங்கிவிடும்.